மதுரையிலிருந்து கீழச்செல்வனூர் கண்மாய்க்கு: சைக்கிளுக்கு வழி போட்ட கதை

செல்போன் மேப்பில் மதுரையையும் கீழச்செல்வனூரையும் போட்டால் பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி என்று ஒரு நீலக்கோடு விழும். தூரம் சுமார் 125 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு அது சரியான வழிதான். நானும் என் சித்தப்பா மகனும் பறவை பார்க்கச் சைக்கிளில் போனது வேறு வழி. நேராக ராமநாதபுரம் போய், அங்கே ராத்திரி தங்கி, மறுநாள் உத்தரகோசமங்கை, சிக்கல் என்ற ஊர்கள் வழியாகக் கண்மாய்க்குப் போனோம். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் கூடுதல். கேட்டவர்கள் எல்லாம் "ஏன்ப்பா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க?" என்றார்கள்.

ராமநாதபுரம் சீமையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குத் தூரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே கிடைக்கும், பாதியில் முடியாமல் போனால் எப்படித் திரும்புவது, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் பற்றி யோசிக்கவே வேண்டாம். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். ராமநாதபுரம் கிட்டத்தட்ட கடல் மட்டம். இடையில் 110 கிலோமீட்டருக்கு மேல் சாலை. காகிதத்தில் அது இறக்கம், காலுக்கு ஒன்றும் தெரியாது.

சுற்றிப் போனதற்கு முதல் காரணம் பறவை. மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் கண்மாய் 1998-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 593 ஹெக்டேர். நேர்வழியில் ஒரே நாளில் மிதித்தால் அங்கே போய்ச் சேரும்போது உச்சி வெயில் தாண்டியிருக்கும். நமக்கும் தெம்பு இருக்காது, பறவைகளும் மரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஊரில் லாட்ஜ் கிடையாது, இருட்டுவதற்குள் வேறெங்காவது கிளம்பியாக வேண்டும். ராமநாதபுரத்தில் தங்கினால் மீதி 45 கிலோமீட்டர்தான். விடியலில் கிளம்பி ஒன்பது மணிக்குள் கரையில் நிற்கலாம்.

இரண்டாவது காரணம் ரயில். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் தண்டவாளம் ரோட்டுக்குப் பக்கத்துணை மாதிரி கூடவே வருகிறது. சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, அப்புறம் ராமநாதபுரம். எங்கே முழங்கால் மக்கர் பண்ணினாலும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது என்பது பெரிய தைரியம். முதுகுளத்தூர் வழியில் அந்த வசதி இல்லை. அங்கே பஸ்தான், பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவது கண்டக்டரின் மனசைப் பொறுத்தது.

எப்போது போவது என்பதை முடிவு செய்யத்தான் எங்களுக்கு நாளானது. பறவை பார்க்க கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம் என்பார்கள். அதிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் பறவை வரும். மழை ஏமாற்றிய வருஷத்தில் கண்மாய்க்குள் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆகவே தேதி குறிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது பிடித்து ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். தம்பியின் நண்பர் ஒருவருக்குச் சிக்கல் பக்கம் ஊர். "கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாயுது, வாங்க" என்றார். அதற்கு மேல் எந்த வானிலை அறிக்கையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மார்கழி வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சபரிமலை முடித்த ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக ராமேஸ்வரம் போகிற மாதம் அது. ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் விடியற்காலை நாலரை மணிக்குப் பரமக்குடியைத் தாண்டும்போது கண் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே நேரத்தில் நாமும் அதே ரோட்டில் சைக்கிளோடு இருக்க வேண்டாம். மகரவிளக்கு முடிந்து பொங்கலும் கழிந்தால் அந்தக் கூட்டம் வடிந்துவிடும். திருவாதிரை அன்று உத்தரகோசமங்கையிலும் இதே பாடுதான். மரகத நடராஜருக்குச் சந்தனம் களைகிற நாள் அது, ஊரே கொள்ளாது. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30-ஐ ஒட்டி பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டு சமயமும் மாவட்டம் முழுக்கப் போலீஸ் கெடுபிடியும் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும். சுற்றிப் பார்க்கிறவர்கள் அந்தத் தேதிகளை விட்டுவிடுவது நல்லது.

ஆக, தை இரண்டாம் பாதி.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரைக்காரர்களுக்குக் காற்று திசைக்கு ஒரு பேர். ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து அடிப்பது வாடை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருவது கச்சான். மதுரையிலிருந்து ராமநாதபுரம் தென்கிழக்கில் இருக்கிறது. தையில் வாடை இடது தோளில் மோதும், தொல்லைதான், ஆனால் தாங்கலாம். ராமநாதபுரத்திலிருந்து செல்வனூர் தென்மேற்கு. அதே வாடை அப்போது முதுகைத் தள்ளும். திரும்பி வருகிறபோது நேருக்கு நேர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆடியில் போனால் எல்லாம் தலைகீழ். மதுரையிலிருந்து பறந்து வந்துவிடலாம், செல்வனூர்ப் பக்கம் திரும்பியதும் கச்சான் முகத்தில் அறையும். அப்போது கண்மாயும் காய்ந்து கிடக்கும், எதற்குப் போக வேண்டும்? எந்த மாதமானாலும் பகல் ஏற ஏறக் கடல்காற்று வலுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போன அதே கால், பதினோரு மணி எதிர்க்காற்றில் 11-க்கு இறங்கிவிடும். எதிர்க்காற்று வரும் பகுதி எதுவோ அதை விடியலில் முடித்துவிட வேண்டும் என்பது இந்தக் கரையில் வழி போடுவதற்கு முதல் பாடம்.

காற்றைச் சொல்கிறவர்கள் சூரியனைச் சொல்வதில்லை. தை மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்கும். நாம் போகும் ரோடும் அதே திசை. திருப்புவனம் தாண்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் விழுந்தது. நமக்குக் கூசுவது பெரிய விஷயமில்லை. நமக்குப் பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் கூசும், அவர் கண்ணுக்கு நாம் வெறும் நிழல். பின்பக்கச் சிவப்பு விளக்கை விடிந்த பிறகும் அணைக்காமல் மின்ன விடுங்கள். முன்பக்கம் நீட்டிய தொப்பி ஒன்றை ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வதும் உதவும்.

மதுரை - பரமக்குடி நான்குவழிச் சாலை. ஓரத்தில் ஒதுங்கி மிதிக்க இடம் இருக்கிறது. நிழல்தான் இல்லை, டீக்கடையும் இல்லை. ஊர்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு ஓடுகிற ரோடு அது. அதனால் திருப்புவனம், மானாமதுரை போன்ற ஊர்கள் வரும்போது பழைய ரோட்டில் உள்ளே இறங்கி, அந்தப் பக்கம் வெளியே வந்தோம். ஊருக்குள் இட்லி, தண்ணீர், பஞ்சர் கடை, புளியமர நிழல் எல்லாம் உண்டு. நேரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கீழடி அருங்காட்சியகம் வழியிலேயே இருக்கிறது, ஆனால் நாம் தாண்டும் நேரத்தில் திறந்திருக்காது. அதற்குத் தனியாக ஒருநாள் போங்கள். திருப்பாச்சேத்தியைத் தாண்டும்போது தம்பி, "அண்ணே, ஒரு அருவா வாங்கி ஹேண்டில்பார்ல சொருகிக்கிட்டா நாய் விரட்டாதுல்ல?" என்றான். நாய் விரட்டினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், அருவா வேண்டாம்.

பார்த்திபனூரில் நின்று வைகையைப் பார்த்தோம். அங்கே இருக்கும் மதகணையிலிருந்துதான் இடது, வலது கால்வாய்கள் பிரிந்து ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் போகிறது. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போய்ச் சேர்ந்தாலே அந்த வருஷம் விவசாயிகள் முகம் வேறு மாதிரி இருக்கும்.

பரமக்குடியில் பதினொன்றரைக்கு நிறுத்தினோம். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை அசையவில்லை. இதை நான் எல்லாருக்கும் சொல்வேன்: தை மாதமாக இருந்தாலும் பன்னிரண்டு முதல் மூன்று வரை மிதிக்காதீர்கள். பரமக்குடிக்குப் பிறகு ரோடு குறுகலாகிறது, இரண்டு வழிதான். பரமக்குடி - ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நான்குவழி ஆக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை நடக்கும் காலத்தில் ஜல்லியும் புழுதியும் மாற்றுப்பாதையுமாக இருக்கும் என்பதால் இனிமேல் போகிறவர்கள் இந்தத் துண்டை மட்டும் ரயிலில் கடந்தாலும் தப்பில்லை. சைக்கிள் பயணம் என்றால் அத்தனை அடியும் மிதித்தே தீர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ராமநாதபுரத்தில் நேரம் மிச்சமிருந்தால் ஊரை ஒட்டியே இருக்கும் சக்கரக்கோட்டை கண்மாய்க்குப் போய் வரலாம். அதுவும் பறவைகள் சரணாலயம்தான். தேர்த்தங்கலோடு சேர்ந்து 2025-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தது. இதே மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2022-ல், சேர்ந்துவிட்டன. வறண்ட மாவட்டம் என்று பேர் எடுத்த ஊரில் இத்தனை நீர்நிலைகளுக்கு உலக அங்கீகாரம். தண்ணியில்லாக் காடு என்று கிண்டல் செய்கிறவர்களிடம் சொல்லலாம்.

மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பி உத்தரகோசமங்கை ரோட்டைப் பிடித்தோம். இனிமேல்தான் மேப்பை நம்பக்கூடாது. கண்மாய்க் கரை, வரத்துக்கால் ஓரத்து வண்டிப்பாதை, உப்பள வரப்பு என்று எல்லாவற்றையும் அது ரோடாகவே காட்டும். மழை முடிந்த மாதத்தில் கண்மாய்க் கரை களிமண் காயாமல் கிடக்கும். நூறு அடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. அதற்கு உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதுதான் வழி, ஆனால் யாரிடம் கேட்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. டீக்கடையில் கேட்டால் பெரிய ரோட்டைச் சொல்வார்கள். பைக்கில் போகிற பையனுக்கு எல்லாம் பக்கம். என் அனுபவத்தில் சரியான ஆள் மீன் வியாபாரி. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் விடியலில் மீன் எடுத்து, டிவிஎஸ் எக்ஸெல்லில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளூர் கிராமம் ஒவ்வொன்றுக்கும் போகிறவர். எந்த ரோட்டில் எந்தக் குழி என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் குழியில் விழுந்தால் அவருக்கு நஷ்டம்.

உத்தரகோசமங்கை தாண்டி அப்படி ஒருவரை நிறுத்திக் கேட்டோம். பெட்டிமேல் ஈரச்சாக்கு, தராசு, ஒரு பழைய வாளி.

"அண்ணே, செல்வனூர் கண்மாய்க்கு இந்தக் கரை மேல போனா குறுக்கு வழின்னு மேப்புல காட்டுது..."

"கரைமேலயா? அங்கிட்டுப் போகாதீங்க தம்பி. மூணு வாரமா சேறு. அதுக்கங்கிட்டு ஒரு தரைப்பாலம் அரிச்சுக் கிடக்கு. பஸ்ஸு போற ரோட்டுலயே சிக்கல் போயிருங்க. தூரந்தான், ஆனா வழியில ஊரு இருக்கு, தண்ணி இருக்கு."

பஸ் போகிற ரோடு. ஒரு கிராமத்துக்கு டவுன் பஸ்ஸோ மினி பஸ்ஸோ போகிறது என்றால் அந்த ரோட்டில் தார் இருக்கும், பாலம் உடைந்திருந்தால் சேதி தெரிந்திருக்கும், ஒரு பெட்டிக்கடையாவது இருக்கும். வழி போடுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கைபம்பு கண்ணில் பட்டதும் பாட்டிலை நீட்டாதீர்கள். முகம் கழுவ ஆகும், குடிக்க ஆகாது. ஊர்களில் குடிக்கிற தண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது, அல்லது வண்டியில் குடம் கணக்கில் விலைக்கு வாங்குவது. அதனால் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும்போது அது காசு கொடுத்த தண்ணீராக இருக்கலாம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், ஆனால் இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்பது நாகரிகமில்லை. கடையில் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

தை மாதத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. அறுவடைக் காலம். களம் போதாத ஊர்களில் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டி ஏறித் தானியம் உதிரும். கார்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. கியர் சைக்கிள் வைக்கோலில் ஏறினால் தாள் பின்சக்கரப் பல்லுக்குள் சுற்றிக்கொள்ளும். தம்பியின் வண்டியில் கியர் மாற்றுகிற சின்னச் சக்கரம் இரண்டும் வைக்கோல் பந்தாகிவிட்டன. ஒவ்வொரு தாளாக உருவி எடுத்தோம், கதிர் பரப்பியிருந்த அம்மா எங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "மெதுவா எடுய்யா, அறுத்துறாத" என்று அவர் சொன்னது வைக்கோலையா கேபிளையா என்று தெரியவில்லை. வைக்கோல் கண்ணில் பட்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள். மாசி, பங்குனியில் போனால் சில ஊர்களில் மிளகாய் காயும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன்மேல் சைக்கிள் ஏற்றினால் திட்டு வாங்குவது நியாயம்தான்.

அப்புறம் முள். சீமைக்கருவேலம் இல்லாத ஒரு கிலோமீட்டர் இந்த மாவட்டத்தில் அபூர்வம். வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், லாரியில் விறகு ஏற்றிப் போகிறார்கள், வழியெல்லாம் முள் சிந்துகிறது. அந்த முள் டயருக்குள் ஏறி ஒடிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் கடுகளவு கருப்புப் புள்ளி. ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். விரலை விட்டுத் துழாவினால் விரல் கிழியும். ஒரு பஞ்சுத் துண்டையோ பழைய பனியன் துணியையோ சுருட்டி டயரின் உட்புறம் மெதுவாக ஒரு சுற்று இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் நிற்கிறது. வெளிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உள்ளேயிருந்து புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். ஒன்று கண்டுபிடித்ததும் நிறுத்தாதீர்கள், முழுச் சுற்றும் தேடுங்கள். எங்களுக்கு ஒரே டயரில் மூன்று இருந்தன.

ட்யூபின் வால்வு எந்த வகை என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். விலை கூடின சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். கிராமத்துச் சைக்கிள் கடைகளில் இருப்பது பழைய வால்ட்யூப் வண்டிக்கான பம்பு, பைக் பஞ்சர் கடையில் இருப்பது பைக் வால்வுக்கான கம்ப்ரஸர். இரண்டும் பிரெஸ்டாவில் உட்காராது. கட்டைவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கிறது, வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் எந்த பைக் பஞ்சர் கடையிலும் காற்று நிரப்பலாம். மெல்லிய டயருக்கான ட்யூபும் அங்கே கிடைக்காது, ஆளுக்கு இரண்டு கொண்டுபோக வேண்டும்.

கண்மாய்க் கரையை எட்டும்போது ஒன்பது ஆகவில்லை. கண்ணில் படுவதற்கு முன்பு மூக்குக்குத்தான் தெரிந்தது, அவ்வளவு எச்ச வாடை. தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தன. சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காக. வெயில் ஏறியதும் ஒரு சங்குவளை நாரை எழுந்து நின்று இரண்டு இறக்கையையும் பாதி விரித்துக் குனிந்துகொண்டது. எதற்கு இப்படி நிற்கிறது என்று பைனாகுலரில் பார்த்தால் அந்த இறக்கை நிழலுக்குள் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தன. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இங்கே ஒரு ஆதாயம் இருக்கிறது. மெதுவாக, நிற்காமல் உருண்டு போகிற சைக்கிளைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இறங்கி நின்று கை நீட்டிக் காட்டினால்தான் கலையும். பளபளக்கும் பச்சை, ஆரஞ்சு பனியனைக் கழற்றிவைத்துவிட்டு மங்கலான சட்டை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ரோட்டில் உயிர் காக்கிற நிறம் கண்மாயில் எதிரி. கூடு இருக்கிற மரத்துக்கு மேலே டிரோன் விடாதீர்கள், கூழைக்கடா கூட்டைவிட்டு எழுந்தால் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிற காக்கை உண்டு.

திரும்புவதற்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுத்தோம். ஈசிஆர் என்றதும் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். ராமநாதபுரத்தில் அந்தச் சாலையிலிருந்து பெரும்பாலும் கடல் தெரியாது. பனையும் உடைமரமும்தான். கடல் வேண்டுமென்றால் வாலிநோக்கத்துக்கோ ஏர்வாடிக் கரைக்கோ விலகிப் போக வேண்டும். வாடை நேராக முகத்தில். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் ஒட்டி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாறி மிதித்தோம். பேச்சே கிடையாது. மணல் சில இடங்களில் தார்மேல் மெல்லியதாக ஏறிக் கிடக்கிறது, அங்கே முன்பிரேக்கைத் தொடாதீர்கள். கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கிச் சாப்பிட்டோம். தேங்காயும் கருப்பட்டியும் நெய்யாக இறங்குகிற அந்த அல்வா, எதிர்க்காற்றுக்கு எந்த எனர்ஜி பாருக்கும் இளைத்ததில்லை. காற்று பிடிக்காதவர்கள் செல்வனூரிலிருந்து கடலாடி, முதுகுளத்தூர் வழியாகப் பரமக்குடி ஸ்டேஷனுக்குப் போகலாம். வாடை அங்கே வலது பக்கத்திலிருந்துதான் அடிக்கும்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் சைக்கிளைப் பார்சலாகப் போட்டுத்தான் மதுரை வந்தோம். வண்டி கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது பார்சல் ஆபீஸில் இருக்க வேண்டும். எல்லா ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள், எல்லா ஸ்டேஷனிலும் இறக்க மாட்டார்கள், ஆகவே எந்த வண்டி என்பதைப் போகிற அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, பம்பு, பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டு, பெடலை உள்பக்கம் திருப்பி மாட்டி, கியர் இருக்கிற பக்கத்தை அட்டையால் மூடிச் சாக்கில் தைத்தோம். சாக்கும் கோணி ஊசியும் கடைத்தெருவில் வாங்கியது. பெயரும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று வழியில் பிய்ந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதைத் தள்ளிப்போடாதீர்கள், உப்புக்காற்று பட்ட செயின் இரண்டே நாளில் துருப்பிடிக்கும்.